கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தோட்டம்: மருத்துவர் வார்டின் கதை

நம்மில் பலருடைய குடும்பக் கதை ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் தொடங்குகிறது. தாத்தா பால் மரம் வெட்டினார், பாட்டி விடியற்காலை இருட்டில் பெரட்டுக்கு ஓடினார், அப்பா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தார் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். நான் வசிக்கும் கம்போங் மேடானிலும் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், நான்கு பேரில் ஒருவராவது ஏதாவது ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். நாங்கள் இருக்கும் பெட்டாலிங் ஜெயாவே 1950-களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்ட நிலத்தில் உருவான நகரம்தான்.

ஆனால், ரப்பர் மரம் நம் நாட்டு மரம் அல்ல. அதன் பிறப்பிடம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. விமானம் இல்லாத காலத்தில், உப்புக் காற்று வீசும் கடலில் மாதக்கணக்காகப் பயணம் செய்து அது எப்படி உயிரோடு இங்கே வந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் லண்டன் மருத்துவர் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அவர் பெயர் நத்தேனியல் பேக்‌ஷா வார்டு. வீட்டுக்குள் வைக்கக்கூடிய சிறிய பசுமைக்குடிலை உலகத்துக்குத் தந்தவர் அவர்தான்.

புகைக்குள் வளர்ந்த ஆசை

வார்டு 1791-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். அவருடைய தந்தையும் மருத்துவர். 13 வயதில் ஜமைக்கா தீவுக்குக் கப்பலில் போகும் வாய்ப்பு வார்டுக்குக் கிடைத்தது. வெப்பமண்டலக் காட்டை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தார். தென்னையும் பனையும், மர நிழலில் படர்ந்து கிடக்கும் பெரணிச் செடிகளும் அந்தச் சிறுவனின் மனத்தில் ஒட்டிக்கொண்டன. நமக்கு வடிகால் ஓரத்தில்கூட முளைத்துக் கிடக்கும் பெரணி, அவருக்கு வாழ்நாள் காதலாகிவிட்டது.

ஊர் திரும்பியவர் தந்தையைப் பின்பற்றி மருத்துவம் படித்தார். லண்டனின் கிழக்குப் பகுதியில், வெல்குளோஸ் சதுக்கம் என்ற இடத்தில் மருத்துவத் தொழில் செய்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஏழைத் தொழிலாளர்களும் கப்பல் ஊழியர்களும் நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது. பகலெல்லாம் நோயாளிகள். கிடைத்த ஓய்வு நேரமெல்லாம் செடிகள். நகரத்தைச் சுற்றியுள்ள திறந்தவெளிகளுக்குப் போய்ச் செடிகளைச் சேகரித்து, காயவைத்து, தாளில் ஒட்டிப் பெயர் எழுதி வைப்பார். இப்படி அவர் சேர்த்தவை சுமார் 25,000 என்பார்கள்.

காய்ந்த செடிகள் சேர்ந்தன. உயிருள்ள செடிகள்தாம் நிற்கவில்லை. வீட்டு முற்றத்தில் பாறைகளை அடுக்கி, தண்ணீர் சொட்டும்படி அமைத்து, பெரணியும் பாசியும் நட்டுப் பார்த்தார். எல்லாம் வாடிப்போயின. காரணம், நிலக்கரிப் புகை. அன்றைய லண்டனில் வீட்டு அடுப்பிலிருந்து தொழிற்சாலை வரை எரிந்தது நிலக்கரிதான். கரித்தூள் இலைகளின் மேல் படிந்து செடிகளைக் கொன்றது. புகைமூட்டக் காலத்தில் பள்ளிகளை மூடும்போது நாம் முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருக்கிறோமே, அப்படிப்பட்ட காற்று அங்கே ஆண்டு முழுவதும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தில் வார்டு அந்த முயற்சியையே கைவிட்டுவிட்டார்.

போத்தலுக்குள் முளைத்த செடி

வார்டுக்குப் பூச்சிகளிலும் ஆர்வம் உண்டு. 1829-ஆம் ஆண்டு, அந்துப்பூச்சி ஒன்றின் கூட்டுப்புழு அவருக்குக் கிடைத்தது. அதிலிருந்து பூச்சி வெளிவருவதைப் பார்க்க விரும்பினார். வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல் ஒன்றில் ஈரமான மக்கிய மண்ணைப் போட்டு, அதில் கூட்டுப்புழுவைப் புதைத்து, மூடி போட்டு வைத்தார்.

தினமும் அந்தப் போத்தலைப் பார்த்து வந்தார். பகல் வெப்பத்தில் மண்ணிலிருந்த ஈரம் ஆவியாக மேலே எழுந்தது. கண்ணாடியின் உட்புறத்தில் துளித்துளியாகப் படிந்தது. பிறகு வழிந்து மண்ணுக்கே திரும்பியது. வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலேயே மண் எப்போதும் ஒரே அளவு ஈரமாக இருந்தது. பூச்சி வெளிவரும் நாளுக்குச் சுமார் ஒரு வாரம் முன்பு, அந்த மண்ணில் இரண்டு பச்சை முளைகள் தெரிந்தன. ஒன்று பெரணி. மற்றொன்று சாதாரணப் புல்.

முற்றத்தில் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டும் வளராத பெரணி, யாரும் நடாமலே ஒரு போத்தலுக்குள் முளைத்திருந்தது! வேறு யாராவது இருந்தால் பூச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு மண்ணைக் குப்பையில் கொட்டியிருப்பார். வார்டு அப்படிச் செய்யவில்லை. முற்றத்தில் இல்லாதது போத்தலில் என்ன இருக்கிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டார். ஈரமான காற்று இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, புகை மட்டும் இல்லை என்று புரிந்தது. போத்தலை வடக்குப் பக்கச் சன்னலுக்கு வெளியே வைத்தார். அந்த இரண்டு செடிகளும் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் தண்ணீர் ஊற்றாமலே உயிரோடு இருந்தன. கடைசியில் மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே புகுந்ததால்தான் அழுகிப்போயின.

இங்கே அறிவியல் மாணவர்களுக்கு ஒரு விளக்கம். நான் தமிழ்ப்பள்ளியில் ஒளிச்சேர்க்கை என்று படித்து, இடைநிலைப்பள்ளியில் ஃபோட்டோசிந்தேசிஸ் என்று மனப்பாடம் செய்தவள். இரண்டு பெயர்களில் படித்தும், அந்தப் பாடத்தை ஒரே இடத்தில் கண்ணால் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை. மூடிய கண்ணாடிக்குள் செடி வெளிச்சத்தில் கரிவளியை எடுத்து உயிர்வளியை விடுகிறது. சுவாசிக்கும்போது உயிர்வளியை எடுத்துக் கரிவளியை விடுகிறது. இலை வெளியிடும் நீராவி கண்ணாடியில் குளிர்ந்து மீண்டும் வேருக்கே போகிறது. பாடநூலில் தனித்தனிப் படங்களாக இருக்கும் நீர்ச் சுழற்சியும் ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் ஒரு போத்தலில் ஒன்றாக நடக்கின்றன. அந்தப் பெட்டிக்குக் காற்றே புகாத மூடி தேவையில்லை என்பதையும் வார்டு தெளிவாகச் சொன்னார். புகையும் கரித்தூளும் நுழையாமல், ஈரம் வெளியேறாமல் இருந்தால் போதும்.

ஆறு மாதக் கடல் பயணம்

போத்தலில் கண்டதை வார்டு பெட்டியாகப் பெரிதாக்கினார். மரச்சட்டம், மேலே கூரை போல் சாய்ந்த கண்ணாடி, உள்ளே மண். ஹேக்னி என்ற இடத்தில் புகழ்பெற்ற செடிப் பண்ணை நடத்திய ஜார்ஜ் லாடிஜஸ் அவருக்கு நண்பர். அவருடைய உதவியோடு பல வகைப் பெரணிகளைப் பெட்டிகளில் வளர்த்துப் பார்த்தார். அப்போதுதான் இன்னொரு கேள்வி எழுந்தது. லண்டன் புகையிலிருந்து செடியைக் காக்கும் கண்ணாடி, கடலின் உப்புத் துளியிலிருந்து காக்காதா?

அந்தக் காலத்தில் செடிகளைக் கப்பலில் கொண்டுபோவது பெரிய சூதாட்டம். உப்புநீர் தெறிக்கும். குடிநீர் மனிதர்களுக்கே பற்றாது. கப்பலின் அடித்தளத்தில் வைத்தால் வெளிச்சம் இல்லை. சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்படும் செடிகளில் ஆயிரத்தில் ஒன்றுதான் பிழைக்கிறது என்று 1819-இலேயே கணக்குச் சொன்னார்கள்.

1833-ஆம் ஆண்டு வார்டு இரண்டு பெட்டிகளில் பெரணி, பாசி, புல் ஆகியவற்றை நட்டு, ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குப் புறப்பட்ட கப்பலில் ஏற்றினார். கப்பலின் தலைவர் சார்லஸ் மல்லார்ட். செய்ய வேண்டியது ஒன்றுதான்: பெட்டிகளை வெளிச்சம் படும் மேல்தளத்தில் வைக்க வேண்டும், திறக்கக் கூடாது. சுமார் ஆறு மாதப் பயணத்துக்குப் பிறகு, அநேகமாக எல்லாச் செடிகளும் பச்சையாக இருப்பதாக மல்லார்டிடமிருந்து வார்டுக்குக் கடிதம் வந்தது.

திரும்பும் பயணம் இன்னும் கடுமையானது. 1834-ஆம் ஆண்டு சிட்னியில் ஆஸ்திரேலியச் செடிகளை நிரப்பினார்கள். அப்போது அங்கே கொளுத்தும் கோடைகாலம். கப்பல் தென் அமெரிக்காவின் தென்முனையைச் சுற்றியபோது மேல்தளத்தில் பனி கொட்டிக் கிடந்தது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போனது. நிலநடுக்கோட்டைக் கடந்தபோது வெயில் அனல் வீசியது. எட்டு மாதங்கள் ஒரு முறைகூடத் தண்ணீர் ஊற்றவில்லை. லண்டனில் கப்பல் நின்றதும் வார்டும் லாடிஜஸும் ஏறிப் பார்த்தார்கள். செடிகள் உயிரோடு இருந்தன. அவற்றுள் ஒரு பெரணி வகை, அதற்கு முன் இங்கிலாந்தில் யாரும் உயிரோடு பார்த்திராதது.

காப்புரிமை இல்லை, செல்வமும் இல்லை

இந்தப் பெட்டிக்கு வார்டு காப்புரிமை பெற்றிருந்தால் பெரும் பணக்காரர் ஆகியிருப்பார். அவர் பெறவில்லை. தன் வீட்டைத் திறந்து வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். புகழ்பெற்ற அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே 1838-இல் லண்டனில் இந்தப் பெட்டியைப் பற்றி உரை நிகழ்த்தினார். 1839-இல் லண்டனில் நுண்ணோக்கிச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதை நிறுவியவர்களில் வார்டும் ஒருவர். 1842-இல் கண்ணாடிப் பெட்டிகளில் செடி வளர்ப்பதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1852-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

இந்த நூலில் நம்மைப் போன்ற மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வார்டுக்கு முன்பே ஸ்காட்லாந்தில் மெக்கோனக்கி என்பவர் இதே போன்ற கண்ணாடிப் பெட்டியில் செடி வளர்த்திருந்தார். ஆனால் அவர் எதையும் வெளியிடவில்லை. எழுதி வைத்தவரின் பெயர்தான் நின்றது. அதனால்தான் இன்றும் அதை வார்டு பெட்டி என்கிறோம். ஆய்வுக்கூடத்தில் பார்த்ததை உடனே குறிப்பேட்டில் எழுதுங்கள் என்று ஆசிரியர்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வார்டு தன் பெட்டியை முதலில் நினைத்துப் பார்த்தது தன்னிடம் வைத்தியத்துக்கு வந்த ஏழைகளுக்காகத்தான். வெயிலும் நல்ல காற்றும் இல்லாத நெருக்கமான வீடுகளில் வாழ்பவர்கள் சன்னலோரப் பெட்டியில் சிறிது கீரையாவது வளர்க்கலாம், பச்சையாவது பார்க்கலாம் என்று விரும்பினார். ஆனால் அன்று இங்கிலாந்தில் கண்ணாடிக்குக் கடுமையான வரி இருந்தது. 1845-இல் வரி நீங்கிக் கண்ணாடி மலிவானதும், வார்டு பெட்டி நடுத்தர வர்க்கத்து வீட்டுக் கூடங்களில் அழகுப் பொருளாகிவிட்டது. பெரணி சேர்ப்பது பெரிய மோகமாகப் பரவியது. ஏழைகளின் சன்னலுக்கு அது போய்ச் சேர்ந்ததைவிட, வசதியானவர்களின் கூடத்துக்குப் போனதுதான் அதிகம்.

பெட்டி போன இடங்கள்

கூடத்துக்கு மட்டுமா போனது? ஆங்கிலேயப் பேரரசு முழுவதும் போனது. ராபர்ட் ஃபார்ச்சூன் என்பவர் 1848 முதல் 1851 வரை சீனாவிலிருந்து ஏறக்குறைய 20,000 தேயிலைக் கன்றுகளை இந்தப் பெட்டிகளில்தான் இந்தியாவின் இமயமலை அடிவாரத்துக்குக் கொண்டு சேர்த்தார். மலேரியாவுக்கு மருந்து தரும் சிங்கோனா மரம் 1860-களின் தொடக்கத்தில் தென் அமெரிக்காவிலிருந்து தமிழ்நாட்டின் ஊட்டிக்கு வந்தது. முதலில் வந்த கன்றுகள் வழியில் வெப்பத்தால் நலிந்து செத்தன. அடுத்தடுத்த முயற்சிகளில் பிழைத்து, நீலகிரியில் தோட்டங்களாயின.

பிறகு ரப்பர். 1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அங்கேயுள்ள கண்ணாடிக் குடில்களில் விதைத்தார்கள். நூற்றுக்கு நான்குகூட முளைக்கவில்லை. முளைத்த நாற்றுகளில் 1,900-க்கும் மேற்பட்டவை 38 வார்டு பெட்டிகளில் அடைக்கப்பட்டு இலங்கைக்குக் கப்பலேறின. 1877-இல் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில பேராக்கின் கோலக் கங்சாருக்குப் போயின. அந்தத் தொடக்க கால மரங்களில் ஒன்று இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. அந்த ஊர்ப் பக்கம் போனால் தவறாமல் பாருங்கள்.

1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். மோட்டார் வண்டிகள் பெருகின. டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. பால் வெட்ட ஆள் வேண்டும் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் மூலம் நம் முன்னோரைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். 1920-களில் உலக ரப்பரில் ஏறக்குறைய பாதியை மலாயா தந்தது. கணக்கில் அது ஆங்கிலேயக் கம்பெனிகளின் இலாபம். கையில் உளியும் மங்கும் பிடித்து நின்றவர்கள் நம் பாட்டிமார்கள், தாத்தாமார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. பெட்டிக்குள் பயணம் செய்த நாற்றுக்கு மேல்தளத்தில் வெளிச்சமும் இடமும் கொடுத்தார்கள். அதற்குப் பின்னால் வந்த மனிதர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு நாற்று சாகக் கூடாது என்பதற்கு அவ்வளவு யோசித்த உலகம், அந்த மரத்தில் பால் வெட்டியவரின் உயிருக்கு அவ்வளவு யோசிக்கவில்லை. அமேசான் காட்டில் அந்தப் பாலின் பயனை முதலில் கண்டறிந்த பழங்குடி மக்களுக்கும் இந்தச் செல்வத்தில் பங்கு கிடைக்கவில்லை.

இதற்கெல்லாம் வார்டு பொறுப்பா? அவர் 1868-இல் காலமானார். ரப்பர் நாற்றுகள் கொழும்புக்குப் புறப்பட அப்போது இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. தன் பெட்டியால் ஒரு மக்கள் கூட்டமே இடம்பெயரும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். ஆனாலும், ஒரு கண்டுபிடிப்பு எதற்குப் பயன்படும் என்பதைக் கண்டுபிடித்தவரைவிட, பணமும் அதிகாரமும் உள்ளவர்களே தீர்மானிக்கிறார்கள் என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு சாட்சி. அறிவியலும் பொறியியலும் படிக்கும் நாம் இதை மறந்துவிடக் கூடாது.

நம் வீட்டிலும் ஒரு பெட்டி

வார்டு விரும்பிய பயன்பாட்டை நாமாவது செய்து பார்க்கலாமே என்று, எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஒன்றை அமைத்தேன். செலவு அதிகமில்லை. பழைய மீன் தொட்டி ஒன்று போதும், அகன்ற வாய்க் கண்ணாடிப் போத்தலும் போதும். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சிறு கற்கள். அதன்மேல் உடைத்த அடுப்புக்கரி கொஞ்சம். அதற்கும் மேல் மக்கிய உரம் கலந்த மண் அரைச் சாண் அளவு. அதில் சிறிய பெரணியும் பாசியும் நட்டு, மண் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்து, கண்ணாடித் தகட்டால் மூட வேண்டும்.

காலையில் கண்ணாடியில் பனித்துளி படிந்து, நண்பகலில் ஓரளவு மறைந்தால் ஈரம் சரியாக இருக்கிறது என்று பொருள். நாள் முழுவதும் மறையாமல் இருந்தால் மூடியைச் சிறிது நேரம் திறந்து வைக்க வேண்டும். துளியே படியவில்லை என்றால் கொஞ்சம் தெளிக்கலாம். நேர் வெயில் மட்டும் படக் கூடாது. குளிர்நாட்டில் பசுமைக்குடில் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் கூடம். நம் ஊர் வெயிலில் அதுவே செடியை அவித்துவிடும்.

தரைவீட்டில் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் பெரிதாகச் செய்யலாம். பி.வி.சி. குழாய்களை வளைத்துச் சட்டம் கட்டி, மேலே ஒளி புகும் பிளாஸ்டிக் விரிப்பும் பக்கவாட்டில் வலையும் போட்டால் போதும். கேமரன் மலையில் காய்கறிக்குப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் கூரைகள் முக்கியமாகக் கனமழையைத் தடுக்கத்தான். நம் வீட்டுக் குடிலுக்கும் அதே வேலைதான். சூடான காற்று மேலே எழும் என்பதால் உச்சியில் ஒரு திறப்பு விடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசுவுக்கு அவ்வளவு தண்ணீர் போதும், வீட்டில் டிங்கிக் காய்ச்சல் வந்துவிடும்.

பள்ளி அறிவியல் கழகத்தில் இருப்பவர்கள் ஒரு படி மேலே போகலாம். ஒரே அளவுள்ள இரண்டு போத்தல்களை எடுத்து, ஒரே செடியை நட்டு, ஒன்றை மூடியும் மற்றொன்றைத் திறந்தும் வையுங்கள். தினமும் இரண்டையும் எடை போட்டுக் குறித்து வாருங்கள். தண்ணீர் எங்கே போகிறது என்று எண்களே சொல்லும். குறிப்பேட்டில் தேதி போட மறக்காதீர்கள். மெக்கோனக்கியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு இன்னொரு குறிப்பும் எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர் யாராவது இருந்தால், எந்தத் தோட்டம், எத்தனை மரம் நிறை, எத்தனை மணிக்குப் பெரட்டு என்று கேட்டு எழுதுங்கள். நாற்றுகள் எந்தக் கப்பலில், எத்தனை பெட்டியில், எந்த ஆண்டில் போயின என்பதற்குப் பதிவு இருக்கிறது. அந்த நாற்றுகளை மரமாக்கிப் பால் எடுத்தவர்களின் கதைகளில் பல இன்னும் எழுதப்படவில்லை. சொல்லக்கூடியவர்கள் நம் வீடுகளில் இருக்கும்போதே அதை எழுதிவிட வேண்டும்.